கலவை உறையை மறுபடி பயன்படுத்துவது: 14 மாத ரூசெலாரே வண்டலை அடுத்த புளிப்பு பீருக்கு ஊற்றலாமா?

#1 · கார்பாய்20

20 லிட்டர் ஃப்ளாண்டர்ஸ் ரெட் (பெல்ஜியத்துச் சிவப்புப் புளிப்பு பீர்), வையீஸ்ட் நிறுவனத்தின் 3763 ரூசெலாரே கலவை (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்த பொட்டலம்), 14 மாதம் ஆகிறது. கிராவிட்டி (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அடர்த்தி எண்) 1.056-ல் தொடங்கி இப்போது 1.005, ஏழு வாரமாக அசையவில்லை. பிஹெச் 3.5. கண்ணாடி கார்பாய் (குறுகிய கழுத்துப் பெரிய குடுவை). இடையில் வேறு பாத்திரத்துக்கு மாற்றவில்லை, முதல் நாள் ஈஸ்ட் வண்டலின் மேலேயே நிற்கிறது. அடுத்த மாதம் பாட்டிலில் அடைக்கப் போகிறேன்.

அடியில் தங்கும் வண்டலை வைத்து அடுத்த 20 லிட்டரைத் தொடங்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது போல ஒரு கரண்டி போதுமா, முழு வண்டலின் மேலேயே புது வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) கொட்டிவிடலாமா? புது ஈஸ்ட் சேர்க்க வேண்டுமா? இந்தத் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதல் புளிப்பு வேண்டும், வினிகர் வாடை வேண்டாம்.

#2 · புளிமா

தயிர் உறை ஒப்புமை பாதி தூரம்தான் வரும். தயிரில் உறை ஓர் இரவில் வேலையை முடிக்கிறது. மறுநாள் எடுக்கும் கரண்டியிலும் அதே கூட்டம்தான் இருக்கும். உங்கள் கார்பாயில் 14 மாதத்தில் ஆட்சி மூன்று தடவை மாறியிருக்கிறது. பொட்டலத்தில் இருந்தவை சாதாரண ஏல் ஈஸ்ட், ஷெர்ரி ஈஸ்ட், பிரெட்டானோமைசிஸ் (சுருக்கமாக பிரெட், ஒரு காட்டு ஈஸ்ட்), புளிப்பு தரும் பாக்டீரியாக்களான லாக்டோபேசில்லஸ் (லாக்டோ), பீடியோகாக்கஸ் (பீடியோ). இப்போது வண்டலில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் பிரெட்டும் பீடியோவும். லாக்டோ கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். சாக்கரோமைசிஸ், அதாவது அந்த ஏல், ஷெர்ரி ஈஸ்ட்கள், ஏறக்குறைய முழுவதும் செத்திருக்கும். பல மாதம் அமிலத்திலும் ஆல்கஹாலிலும் பட்டினி கிடந்து தாக்குப்பிடிக்கும் இனம் அல்ல அது. ஒரு லிட்டர் வண்டல் பார்க்க நிறைய இருக்கும், அதில் முக்கால்வாசி பிணம்.

அதனால் சுருக்கமான பதில்: வண்டலை எடுங்கள், குறைவாக எடுங்கள், கூடவே புது ஏல் ஈஸ்ட் கட்டாயம் சேருங்கள். அது இல்லாமல் ஊற்றினால் பிஹெச் 5.2-ல், ஆல்கஹால் இல்லாத சர்க்கரைத் தண்ணீர் நாலைந்து நாள் காவல் இல்லாமல் கிடக்கும். அந்த இடைவெளியில் குடல் பாக்டீரியா வகைகள் புகுந்தால் அழுகிய காய்கறி வாடை வரும். பிறகு பிரெட் அதை முழுவதும் சரிசெய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

#3 · ஓக்_பீப்பாய்

புளிமா சொல்வதை ஒரு இடத்தில் மறுக்கிறேன். புது ஈஸ்ட் இல்லாமலும் நடக்கும். பிரெட் தனியாகவே மால்ட்டோஸை நொதிக்கவைக்கும், மெதுவாகத் தொடங்கும், அவ்வளவுதான். வோர்ட்டின் பிஹெச்சை லாக்டிக் அமிலம் விட்டு முதலிலேயே 4.5-க்குக் கீழே இறக்கிவிட்டால் குடல் பாக்டீரியா பயமும் பெரும்பாலும் போய்விடும். 88 சதவீத லாக்டிக் அமிலத்தை ஒரு மி.லி., ஒரு மி.லி.யாக விட்டு, கலக்கி, அளந்து இறக்குங்கள். வோர்ட்டுக்கு வோர்ட் தாங்குதிறன் மாறுவதால் மொத்த அளவை முன்கூட்டிச் சொல்வது சரியாக இருக்காது.

#4 · புளிமா

நடக்கும் என்பது சரி. ஆனால் கிடைப்பது வேறு பீர். பிரெட்டின் குதிரைச் சேணம், தோல், கிராம்பு மணமெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் கை வேலை. மால்ட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தைச் சாக்கரோமைசிஸ் 4-வினைல் குவையகோலாக மாற்றினால், பிரெட் அதை எடுத்து 4-எத்தில் குவையகோல் ஆக்குகிறது. சாக்கரோமைசிஸ் விட்ட எஸ்டர்களையும் அது உடைத்து வேறாகக் கட்டுகிறது. தனியாக முதல்நிலை நொதிப்புக்கு விட்டால் பிரெட் ஆச்சரியமாகச் சாதுவான, லேசான பழ வாசனை பீரைத்தான் தரும். ஃப்ளாண்டர்ஸ் ரெட்டுக்கு அது போதாது.

இன்னொன்று, செத்த ஈஸ்ட்டின் அளவு. சிதையும் செல்களில் கொஞ்சத்தைப் பிரெட் தின்னும், அது நல்லதே. ஒரு லிட்டர் பழைய வண்டல் மேல் புது வோர்ட்டைக் கொட்டி மறுபடி ஒரு வருடம் வைத்தால் மாமிசச் சாறு, எரிந்த ரப்பர் வாடைக்கு வழி திறக்கிறீர்கள். 25 டிகிரிக்கு மேல் அறை வெப்பம் இருந்தால் அது சீக்கிரமே வரும்.

#5 · கார்பாய்20

அப்படியானால் அளவு? எந்த ஈஸ்ட்? வண்டலை முதலில் ஊற்றி ஒரு நாள் கழித்து ஈஸ்ட்டா, இரண்டும் ஒன்றாகவா?

#6 · புளிமா

20 லிட்டருக்கு 150 முதல் 200 மி.லி. பழைய வண்டல். பீரை மேலிருந்து இறக்கி முடிக்கும்போது அடியில் ஓர் அங்குலம் பீரை விட்டுவிடுங்கள். கார்பாயைச் சுழற்றிக் கலக்கி, கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடி ஜாடியில் ஊற்றி 20 நிமிடம் வையுங்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துகளும் கனமான கசடும் அடியில் உட்காரும். நடுவில் இருக்கும் பாலேடு நிறத்துக் கலங்கலைத்தான் எடுக்க வேண்டும். இந்த அளவு வண்டலால் 20 லிட்டர் வோர்ட்டின் பிஹெச் பெரிதாக இறங்காது, புது ஈஸ்ட்டுக்கு அதனால் அதிர்ச்சி வராது.

ஏல் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலத்தில் பாதி போதும். முழுப் பொட்டலம் ஊற்றினால் முதல் வாரத்திலேயே எளிய சர்க்கரை எல்லாம் தீர்ந்து, மற்றவர்களுக்கு டெக்ஸ்ட்ரின் (ஏல் ஈஸ்ட்டால் உடைக்க முடியாத நீளச் சர்க்கரை) மட்டும் மிஞ்சும். பெல்ஜிய ஈஸ்ட் எடுப்பதாக இருந்தால் சைசான் வகைகளைத் தவிருங்கள். அவற்றில் பலவற்றுக்கு டெக்ஸ்ட்ரினை உடைக்கும் நொதி இருக்கிறது. கிராவிட்டியை 1.004 வரை தாங்களே இழுத்துவிட்டால் பீடியோவுக்கும் பிரெட்டுக்கும் ஒரு வருடம் மெல்ல என்ன இருக்கும்?

டெக்ஸ்ட்ரின் மிஞ்ச, மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) 69 டிகிரியில் ஒரு மணி நேரம். கோதுமை கால் பங்கு. இன்னும் உறுதி வேண்டுமானால் கொதி முடியும் நேரத்தில் 200 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின். கிராவிட்டியில் நான்கு புள்ளி (0.004) கூடும். ஏல் ஈஸ்ட்டால் அதை ஏறக்குறைய தொடவே முடியாது. மெல்லும் வேலை மற்றவர்களுக்கு.

வண்டலும் ஈஸ்ட்டும் ஒன்றாகவே போகட்டும், 20 டிகிரியில். வோர்ட்டுக்குக் காற்று ஊட்டுவது அந்த ஒரு தடவைதான். வளரும் சாக்கரோமைசிஸ் அந்த ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். அதற்குப் பிறகு உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சுக் காற்றையும் பிரெட் அசெட்டிக் அமிலமாக மாற்றும். நீங்கள் வேண்டாம் என்ற வினிகர் அங்கேதான் பிறக்கிறது.

#7 · நுரைக்காரன்

ரூசெலாரே முதல் தடவை மந்தமாக இருக்கும், இரண்டாம் தடவை நன்றாகப் புளிக்கும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். காரணம் என்ன? கிருமி பலம் பெறுகிறதா?

#8 · ஹாப்பிலை

பலம் பெறுவதில்லை. எண்ணிக்கை விகிதம் மாறுகிறது. புதுப் பொட்டலத்தில் ஏல் ஈஸ்ட் ஏராளம், பாக்டீரியா சொற்பம். ஏல் ஈஸ்ட் மூன்று நாளில் விருந்தை முடித்துவிடும். அதன் பிறகு எழும் பாக்டீரியாவுக்கு மிச்சம் மீதிதான். வையீஸ்ட் நிறுவனமே முழுச் சுவைக்கு 18 மாதம் வரை ஆகும் என்று சொல்வது இதனால்தான். இரண்டாம் தடவை வண்டலில் பாக்டீரியா தொடக்கத்திலேயே பெரும் கூட்டமாக வருகிறது, அமிலச் சூழலுக்குப் பழகியும் வருகிறது. சர்க்கரை தீரும் முன்பே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாம், நான்காம் தடவை இது கட்டுமீறிப் போகலாம்.

இதைப் பிடித்து நிறுத்தும் கடிவாளம் ஹாப்ஸ். ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் பாக்டீரியாவின் செல் சவ்வில் நுழைந்து, உள்ளேயும் வெளியேயும் இருக்க வேண்டிய அமில வேறுபாட்டைக் கலைத்துவிடும். செல்லால் உணவை உள்ளே இழுக்க முடியாது. பிஹெச் குறையக் குறைய இந்தத் தாக்கம் கூடும். ஈஸ்ட்டுக்கு இதனால் பாதிப்பு இல்லை.

எல்லா பாக்டீரியாவும் ஒரே மாதிரி அடங்குவதில்லை என்பதுதான் சுவாரசியம். லாக்டோவில் பிளான்டாரம் வகை 5 ஐபியுவிலேயே (ஐபியு: பீரின் கசப்பை அளக்கும் அலகு) தடுமாறும். பிரெவிஸ் வகைகளில் பலவும் பீடியோ டாம்னோசஸும் 20 தாண்டியும் வளரும். 2020-ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தைப் பிரித்தபோது பிளான்டாரம் லாக்டிபிளான்டிபேசில்லஸ் ஆனது, பிரெவிஸ் லெவிலாக்டோபேசில்லஸ் ஆனது. பொட்டலத்தில் புதுப் பெயரைப் பார்த்தால் வேறு கிருமி என்று நினைக்க வேண்டாம்.

கணக்கு: 4 சதவீத ஆல்ஃபா அமிலம் உள்ள ஹாப்ஸ் 10 கிராமை 60 நிமிடம் கொதிக்கவைத்தால் 20 லிட்டரில் ஏறத்தாழ 4.5 ஐபியு. கார்பாய்20-க்குக் கூடுதல் புளிப்பு வேண்டும், அதனால் இந்தத் தடவை 10 கிராமே போதும். அதற்கடுத்த தடவை 20 கிராம். பிறகு ருசி பார்த்து ஏற்றுங்கள். ஐந்து தலைமுறை தொடர்ந்து ஹாப்ஸ் இல்லாமல் ஓட்டினால் உறை வெறும் எலுமிச்சைப் புளிப்பில் போய் நிற்கும்.

#9 · ஓக்_பீப்பாய்

ஹாப்பிலை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஐபியுவைவிட, வண்டலை எடுக்கும் *நாள்* பெரிய கடிவாளம். இது பலருக்கும் பிடிபடுவதில்லை. கலவை உறை என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு நேரத்தில் எடுத்த புகைப்படம். மூன்றாம் வாரம் எடுத்தால் படத்தில் சாக்கரோமைசிஸும் லாக்டோவும் முன்வரிசையில் இருப்பார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்தால் பிரெட்டும் பீடியோவும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை எடுத்து எடுத்து ஊற்றிக்கொண்டே போனால், வேகமாக வளர்பவர்களையே தேர்ந்தெடுக்கிறீர்கள். மெதுவாக வளரும் பீடியோ சில தலைமுறையில் தேய்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் வருடக் கடைசியில் எடுத்தால் லாக்டோ தேயும்.

ஆகவே ஒரே பீரிலிருந்து இரண்டு தடவை எடுங்கள். முதல்நிலை நொதிப்பு அடங்கி, மூன்றிலிருந்து நான்காம் வாரம் வேறு கார்பாய்க்கு மாற்றும்போது ஒரு ஜாடி. அது இளம் வண்டல். வருடக் கடைசியில் இன்னொரு ஜாடி, முதிர் வண்டல். அடுத்த பீருக்கு முதிர் வண்டல் 100 மி.லி., இளம் வண்டல் 150 மி.லி. சேர்த்து ஊற்றினால் முழுக் கூட்டமும் வந்துவிடும். இளம் வண்டலைப் பாதுகாக்கும் முறையைக் கீழே யாராவது எழுதுங்கள், என் முறை பீப்பாய்க்காரனின் முறை, ஜாடிக்கு ஒத்துவராது.

பெல்ஜியத்திலேயே இரண்டு வழியும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்ற புளிப்பு பீர் செய்பவர்கள் வண்டலை எடுத்து ஊற்றுவதில்லை. குளிர்கால இரவில் திறந்த தட்டுத் தொட்டியில் வோர்ட்டை ஆறவிடுகிறார்கள், காற்றும் பழைய மரப் பீப்பாயும் உறை கொடுக்கின்றன. ரூசெலாரே நகரத்து ரோடன்பாக் பீர் ஆலையில் கலவை உறையோடு நொதித்த பீர் பெரிய ஓக் தொட்டிகளில் முதிர்கிறது. அங்கேயும் புளிப்பை ஒரே தொட்டியில் துல்லியமாகப் பிடிக்க மெனக்கெடுவதில்லை, கலக்கிச் சரிசெய்கிறார்கள். அவர்களின் கிராண்ட் க்ரூ பீர் என்பது மூன்றில் ஒரு பங்கு இளசு, இரண்டு பங்கு இரண்டு வருட முதிர்ச்சி. சாதாரண ரோடன்பாக்கில் முக்கால் பங்கு இளசு. கார்பாய்20, கூடுதல் புளிப்புக்கு அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொரு புளித்த கார்பாய் கைவசம் இருந்தால் அதைக் கலந்தே எட்டலாம்.

#10 · வெள்ளைப்பூண்டு

சோலேரா முறை ஏன் யாரும் சொல்லவில்லை? வண்டலையே தொடாமல், மூன்றில் ஒரு பங்கு பீரை இறக்கிவிட்டு அதே அளவு புதிதாக நிரப்பினால் உறை தானாகத் தொடருமே.

#11 · ஓக்_பீப்பாய்

தொடரும். ஜெரெஸ் நகரத்து ஷெர்ரி முறையின் எளிய வடிவம் அது. வருடத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு எடுத்தால், சில சுற்றுக்குப் பிறகு எடுக்கும் நேரத்தில் பீரின் சராசரி வயது மூன்று வருடத்தில் நிலைக்கும். பாதி எடுத்தால் இரண்டு வருடம். எடுக்கும் பங்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கிடைப்பதுதான் வயது.

எதை நிரப்புகிறீர்கள் என்பதில்தான் தவறு நடக்கிறது. பச்சை வோர்ட்டை நேராக ஊற்றினால் அது உடனே பிஹெச் 3.5 பக்கம் இறங்கிவிடும். அங்கே ஏல் ஈஸ்ட் இல்லை, இருந்தாலும் திணறும். எளிய சர்க்கரை முழுவதும் பாக்டீரியாவுக்கும் பிரெட்டுக்கும் போகும், ஒவ்வொரு சுற்றிலும் புளிப்பு ஏறும். தனியாக ஒரு பக்கெட்டில் ஏல் ஈஸ்ட் வைத்து ஒரு வாரம் நொதிக்கவைத்து, 1.016 வாக்கில் இறங்கிய இளம் பீரை நிரப்புங்கள். டெக்ஸ்ட்ரின் மட்டும் உள்ளே போகும், புளிப்பு நிதானமாக ஏறும்.

வண்டல் தேங்குவதையும் மறக்கக் கூடாது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் காலி செய்து, 200 மி.லி. மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்ப வேண்டும்.

#12 · நுரைக்காரன்

நாலாவது மாதத்தில் இருக்கும் ஒரு பீர் முட்டை வெள்ளைக்கரு போல நூல் விடுகிறது. கரண்டியால் தூக்கினால் இழைகிறது. மேலே சுருக்கம் விழுந்த ஏடும் இருக்கிறது. இந்த வண்டல் கெட்டுப்போனதா?

#13 · புளிமா

கெடவில்லை, பீடியோ நன்றாக வேலை செய்கிறது. அது வெளியே சுரக்கும் பீட்டா-குளூக்கன் கொழகொழப்புதான் அந்த நூல். கூடவே வெண்ணெய் மணமும் வரலாம், அது டயாசெட்டில். இரண்டையும் பிரெட் மெதுவாகத் தின்று தீர்க்கும். இரண்டிலிருந்து நாலு மாதம் பொறுங்கள். இப்போது பாட்டிலில் அடைக்கவும் வேண்டாம், வண்டல் எடுக்கவும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் எடுத்தால் பீடியோ மிகுந்து, பிரெட் குறைந்த உறை கிடைக்கும். அடுத்த பீர் இதே கொழகொழப்பில் மாட்டிக்கொண்டு மீளாமல் நிற்கலாம். ஆறு மாதம் தாண்டியும் நூல் போகவில்லை என்றால் பிரெட் போதவில்லை என்று பொருள். ஒரு ஓர்வால் பாட்டிலை ஊற்றிக் குடித்துவிட்டு அடியில் இருக்கும் வண்டலைச் சுழற்றி உள்ளே விடுங்கள். ஓர்வால் மடத்துப் பீரில் பாட்டில் அடைக்கும்போது பிரெட் சேர்க்கிறார்கள். சமீபத்தில் அடைத்த பாட்டிலாகப் பாருங்கள்.

ஏடு பற்றிக் கவலை வேண்டாம். மேலே ஆக்சிஜன் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பீர் தயாரானதற்கும் அடையாளம் அல்ல, கெட்டதற்கும் அல்ல. பஞ்சு போல மயிர் விட்டு, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த வண்டலை எக்காரணம் கொண்டும் அடுத்த பீருக்கு எடுக்காதீர்கள். நகப்பூச்சு அழிப்பான் வாடை தூக்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம். அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த எத்தில் அசெட்டேட் அது. அதோடு அசெட்டிக் பாக்டீரியாவும் குடியேறியிருக்கும்.

#14 · டைட்ரேட்டர்

மேலே எல்லோரும் பிஹெச்சை வைத்தே பேசுகிறீர்கள். தலைமுறைக்குத் தலைமுறை புளிப்பு ஏறுகிறதா என்று பார்க்கப் பிஹெச் போதாது. 3.4 பிஹெச்சில் இரண்டு பீர் இருக்கும், ஒன்று மெதுவாகவும் இன்னொன்று பல் கூசவும் இருக்கும். நாக்கு உணர்வது பெரும்பாலும் மொத்த அமில அளவை.

வீட்டிலேயே அளக்கலாம். 10 மி.லி. பீரை வாயு முழுவதும் போகும்வரை குலுக்கி, லேசாகச் சூடாக்கி ஆறவையுங்கள். கார்பன் டை ஆக்சைடு மிஞ்சினால் அதுவும் அமிலக் கணக்கில் சேர்ந்துவிடும். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் 8.2 வரும் வரை எத்தனை மி.லி. போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மி.லி. எண்ணை 0.9-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் லாக்டிக் அமிலம் என்று கிடைக்கும். 8 மி.லி. போனால் 7.2 கிராம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டரை 4.01, 7.00 கரைசலில் அன்றைக்கே சரிபார்த்திருக்க வேண்டும்.

என் கணிப்பில் 4 கிராமுக்குக் கீழே லேசான புளிப்பு, 6 முதல் 7 நல்ல புளிப்பு, 9 தாண்டினால் கலக்க இளம் பீர் தேட வேண்டும். வண்டல் ஜாடியின் மேல் எத்தனையாம் தலைமுறை, எடுத்த நாள், ஐபியு, இந்த எண், நான்கையும் எழுதி ஒட்டுங்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு உங்கள் உறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்தத் துண்டுச் சீட்டு சொல்லிவிடும்.

#15 · ஹாப்பிலை

ஓக்_பீப்பாய் அண்ணா கேட்ட ஜாடி முறை. ஒரு லிட்டர் ஜாடியில் 300 மி.லி. வண்டல், அதன் மேல் அதே பீர் 200 மி.லி. ஏர்லாக் (வாயு வெளியேறும், காற்று உள்ளே வராத அடைப்பு) அல்லது தளர்ந்த மூடி. இறுக்கி மூடவே கூடாது. பிரெட் குளிரிலும் மெதுவாக வாயு விட்டுக்கொண்டிருக்கும், ஜாடி வெடிக்கும். 2 முதல் 4 டிகிரியில் இரண்டு மாதம் வரை அப்படியே இருக்கலாம்.

அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் தீனி போட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை வடித்துவிட்டு, 1.035 கிராவிட்டியில் ஹாப்ஸ் இல்லாத வோர்ட்டைக் கொதிக்கவைத்து ஆறவைத்து நிரப்பி, 20 டிகிரியில் ஒரு வாரம், திரும்பக் குளிர்பெட்டி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தீனியும் ஒரு சிறு தலைமுறை என்பதை நினைவில் வையுங்கள், வேகமாக வளர்பவர்கள் பக்கம் உறை கொஞ்சம் சாயும்.

லாக்டோ தேய்ந்துவிட்டதாகத் தெரிந்தால் உறையோடு போராட வேண்டாம், லாக்டோவைத் தனியாக வளர்த்துச் சேருங்கள். ஒரு லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாறு, பத்தில் ஒரு பங்கு ஆப்பிள் சாறு, சிட்டிகை ஈஸ்ட் ஊட்டம், 20 கிராம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புத் தூள் அமிலத்தைத் தின்றுகொண்டே இருப்பதால் லாக்டோ தன் புளிப்பிலேயே முடங்காமல் பெருகும். 30 முதல் 35 டிகிரியில் இரண்டு நாள். ஊற்றும்போது தெளிந்த மேல்பகுதியை ஊற்றுங்கள், அடியில் தங்கிய சுண்ணாம்பு பீருக்குள் போனால் அங்கேயும் புளிப்பைக் குறைக்கும்.

தொழிற்சாலைகளில் ஏல் ஈஸ்ட்டுக்குச் செய்யும் அமிலக் கழுவல் என்று ஒன்று உண்டு, பிஹெச்சை 2.2 பக்கம் இறக்கிப் பாக்டீரியாவைக் கொல்வது. எங்காவது படித்துவிட்டு இந்த வண்டலுக்குச் செய்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியவர்களையே அது கொல்லும்.

#16 · வெள்ளைப்பூண்டு

சாதாரண பீரும் அதே வீட்டில் போடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

#17 · புளிமா

கண்ணாடியும் எஃகும் பொது. பிளாஸ்டிக், ரப்பர், சிலிக்கான் எல்லாம் இரண்டு ஜோடி: குழாய், சைஃபன், பாட்டில் நிரப்பும் குச்சி, அடைப்பான், பக்கெட்டின் அடிக்குழாய். ஒன்றுக்குச் சிவப்பு டேப் சுற்றுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் பிரெட் ஒளிந்துகொண்டால் அமிலச் சுத்திகரிப்பான் கீறலுக்குள் எட்டாது. எஃகுக் குழாய்களைக் கழற்றிக் கொதிநீரில் 15 நிமிடம் போட்டால் போதும்.

ஓக் துண்டு போட்டிருந்தால் அதுவே நல்ல உறை. மரத்துக்குள் பிரெட் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கிவிடும். 20 லிட்டருக்கு 40 கிராம் துண்டு போட்டிருந்தால் கழுவாமல் அப்படியே அடுத்த கார்பாய்க்கு எடுத்துப் போடலாம்.

#18 · கார்பாய்20

அருமை. என் திட்டம்: பாட்டிலில் அடைக்கும் அன்றே புது வோர்ட் தயார். மாஷ் 69, ஹாப்ஸ் 10 கிராம், பழைய வண்டல் 200 மி.லி., ஏல் ஈஸ்ட் அரைப் பொட்டலம். நாலாம் வாரம் கண்ணாடி கார்பாய்க்கு மாற்றி இளம் வண்டல் ஒரு ஜாடி எடுத்துவைப்பேன். பழைய பீரைப் பாட்டிலில் அடைக்க, வண்டலில் பிரெட் உயிரோடு இருப்பதால் புது ஈஸ்ட் தேவையில்லைதானே? சர்க்கரை மட்டும் போட்டால் போதுமா?

#19 · ஓக்_பீப்பாய்

திட்டம் சரி, ஒரு திருத்தம். மாற்றும்போது கழுத்து வரை நிரம்ப வேண்டும், வெற்றிடம் விடக் கூடாது. நாலாம் வாரம் வண்டலோடு இரண்டு லிட்டர் போய்விடும், அதனால் 22 லிட்டர் வோர்ட் போடுங்கள்.

பாட்டிலுக்குச் சர்க்கரை மட்டும் போட்டாலும் பிரெட் வாயு ஏற்றும், ஆனால் இரண்டு மாதம் வரை இழுக்கும். அந்த இடைவெளியில் பாட்டிலுக்குள் போன ஆக்சிஜன் சும்மா இருக்கும். டெட்ராஹைட்ரோபிரிடின் வர அதுவே காரணமாகும். குடித்து முடித்த பிறகு பின்நாக்கில் எலிக்கூண்டு, பழைய தானியம் போல ஒரு வாடை எழுமே, அதுதான். மெதுவாகத் தானே மறையும், சில வாரமோ சில மாதமோ ஆகும். சீக்கிரம் ஆக்சிஜனைத் தின்ன ஒரு ஈஸ்ட் இருந்தால் ஆபத்து குறைவு.

இசி-1118 அல்லது சிபிசி-1 ஈஸ்ட், 20 லிட்டருக்கு 2 கிராம். நேராகத் தூவினால் பிஹெச் 3.5-ல் பாதி செத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, 100 மி.லி. 1.040 வோர்ட்டில் விடுங்கள். நுரை எழுந்ததும் உங்கள் புளிப்பு பீரையே 100 மி.லி. சேர்த்து நாலு மணி நேரம் பழக்குங்கள். பிறகு மொத்தத்தையும் ஊற்றுங்கள்.

சர்க்கரை: லிட்டருக்கு 4 கிராம் போட்டால் ஒரு கனஅளவு (பீரின் அளவுக்குச் சமமான) வாயு. 14 மாதம் நின்ற பீரில் மிஞ்சியிருப்பது 0.7 என்று வைத்துக்கொண்டால், 2.8 வேண்டுமானால் லிட்டருக்கு 8.4 கிராம், 20 லிட்டருக்கு 168 கிராம்.

#20 · டைட்ரேட்டர்

1.005 ஏழு வாரமாக அசையவில்லை என்றாலும் இன்னும் ஒரு தடவை அளந்துவிட்டு அடையுங்கள். பாட்டிலுக்குள் கிராவிட்டி ஒரு புள்ளி இறங்கினால் அரைக் கனஅளவு வாயு கூடும். 1.005 பிரெட்டுக்கு முடிவு அல்ல, 1.001 வரை போகக்கூடியது. அப்படிப் போனால் 2.8 என்பது 4.8 ஆகிவிடும், சாதாரண 330 மி.லி. பாட்டில் அதைத் தாங்காது. ஷாம்பெயின் பாட்டில் இருந்தால் அதில் அடையுங்கள். இல்லையென்றால் சர்க்கரையை 100 கிராமாகக் குறைத்து, ஒரு பாட்டிலை மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்தப் பாட்டிலானாலும் முதல் மூன்று மாதம் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

#21 · கார்பாய்20

அளந்து பார்த்தேன், 1.004. ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது. பாட்டில் அடைப்பதை இரண்டு மாதம் தள்ளிவைக்கிறேன். அதுவரை வண்டலைத் தொடாமல் விடுவதா, இப்போதே சைஃபனால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் புது வோர்ட்டைத் தொடங்குவதா?

#22 · புளிமா

இப்போதே எடுக்கலாம். எஃகுக் குழாயை அடிவரை இறக்கி 200 மி.லி. உறிஞ்சுங்கள். கலக்க வேண்டாம், ஏட்டை உடைப்பதை ஒரே துளையோடு நிறுத்துங்கள். எடுத்த அளவுக்கு வெற்றிடம் கூடும், கையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தால் மேலே ஊதி மூடுங்கள். இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறவைத்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டுக் கழுத்து வரை மட்டத்தை ஏற்றுங்கள்.